பல்லி முட்டையும் பொய்ச் சங்கும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுக்கு நடுவுல ஊர்ல ஒரு பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்துலேர்ந்து வந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பாதியில கரண்ட் போனா நான் பொறுப்பில்லை :-)

விஷயம் இதுதான். குமராட்சியில எங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்காங்க. அப்பா ரிடையர் ஆன வாத்தியார். நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன், அக்கா சிங்கப்பூர்ல. பக்கத்துத் தெருவுல ஒரு பூட்டின வீட்டை உடைச்சு நகையை எடுத்துட்டுப் போன சேதி அக்கா காதுக்குப் போச்சு. அவ்வளவுதான், அடுத்த வாரமே பணம் அனுப்பி, சிதம்பரத்துலேர்ந்து ஆள் வரவழைச்சு, வீட்டுக்குத் திருட்டு அலாரம் மாட்டியாச்சு. வாசக் கதவுக்கு ஒரு காந்த சுவிட்ச், கொல்லைக் கதவுக்கு ஒண்ணு, கூடத்துல ஆள் நடமாட்டம் பாக்குற சென்சார் ஒண்ணு, மாடிப்படிக்குக் கீழ ஒரு பேட்டரி பெட்டி, வெளியில சைரன். அப்பா அதை சைரன்னு சொல்ல மாட்டார். அவருக்கு அது 'சங்கு'.

ஐப்பசி பொறந்துச்சு, சங்கு ஊத ஆரம்பிச்சுது. ஒரே மாசத்துல அஞ்சு தடவை. எல்லாமே நடு ராத்திரி.

முதல் தடவை தெருவே கூடிடுச்சாம். எதிர்வீட்டு பெரியப்பா தடியோட, கடைசி வீட்டு அண்ணன் டார்ச்சோட, பொம்பளைங்க வாசல்ல. கொல்லை, கிணத்தடி, வைக்கப்போர் எல்லாம் தேடிட்டு, அம்மா போட்ட காபியைக் குடிச்சுட்டுப் போனாங்க. ரெண்டாவது தடவை நாலு பேர். மூணாவது தடவை ரெண்டு பேர். அஞ்சாவது தடவை எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் திறந்துச்சாம். "வாத்தியாரே, மறுபடியும் அதானா?" ஜன்னல் சாத்தியாச்சு.

அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணிக்கு அப்பா எனக்கு போன் பண்ணார். பேட்டரி வயரைப் பிடுங்கிப் போட்டுட்டாராம். "தம்பி, நாளைக்கு நெசமாவே திருடன் வந்து நான் கத்தினாலும் இவங்க அதானான்னுதான் கேப்பாங்க. நாப்பது வருஷமா இந்தத் தெருவுல யாராவது கூப்பிட்டா எல்லாரும் ஓடி வருவோம். ஒரே மாசத்துல கெடுத்துடுச்சுடா உங்க மெஷினு."

எனக்குத் தூக்கம் போச்சு. ரெண்டு நாள் லீவ் சொல்லிட்டு கிளம்பிட்டேன். பஸ்ல போகும்போது செல்லுல நோண்டிக்கிட்டே போனதுல கொஞ்சம் சரித்திரம் மாட்டிச்சு. அதை முதல்ல சொல்லிடறேன்.

மின்சாரத் திருட்டு அலாரத்துக்கு முதல்ல பேடன்ட் வாங்கினவர் இன்ஜினியர் இல்லை, ஒரு பாதிரியார். பாஸ்டன் பக்கத்துல சாமர்வில்லைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். தேதி 1853 ஜூன் 21, அமெரிக்க பேடன்ட் எண் 9802. யோசனை ரொம்ப எளிமை. கதவோ ஜன்னலோ திறந்தா ரெண்டு தகடு தொட்டுக்கும், பேட்டரியிலேர்ந்து கரண்ட் ஓடும், மின்காந்தம் சுத்தியலை ஆட்டும், மணி அடிக்கும். திரும்ப மூடினாலும் மணி நிக்காது. எடிசன் பல்புக்கு இருபத்தாறு வருஷம் முன்னாடி இது! வீட்டுக்குள்ள கரண்ட் விளக்கா வர்றதுக்கு முன்னாடி காவக்காரனா வந்திருக்கு.

போப் கிட்டேயிருந்து 1857-ல உரிமையை வாங்கி வியாபாரமா ஆக்கினவர் எட்வின் ஹோம்ஸ். ஊர் ஊரா வயர் இழுத்தார். அவர் குடும்பத்து அலாரக் கம்பிகளை வெச்சுத்தான் 1877-ல பாஸ்டன்ல சில வங்கிகளுக்கு நடுவுல முதல் டெலிபோன் இணைப்பகத்தை ஓட்டினாங்க. பகல்ல பேச்சு, ராத்திரி காவல். ஒரே கம்பி. நம்ம ஊர்ல கேபிள் டிவிக்காரர் இன்டர்நெட் குடுக்கறாரே, அதுக்கு கொள்ளுத்தாத்தா.

போப்போட டிசைன்ல ஒரு ஓட்டை இருக்கு, பாத்தீங்களா? வயரை வெட்டிட்டா மணியே அடிக்காது. கதவு திறந்தாத்தானே கரண்ட் ஓடணும்? அதனால பின்னாடி வந்தவங்க தலைகீழா மாத்தினாங்க. எப்பவும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா அலாரம். கதவு திறந்தாலும் நிக்கும், வயரை வெட்டினாலும் நிக்கும். திருடனுக்கு இடமில்லை. ஆனா அதோட சேந்து இன்னொண்ணும் வந்துச்சு: வயர் துருப்பிடிச்சா அலாரம், எலி கடிச்சா அலாரம், ஸ்க்ரூ லூஸானா அலாரம். திருடனை விடக்கூடாதுன்னு முடிவு பண்ணின அன்னிக்கே எலிக்கும் கதவைத் திறந்து விட்டாச்சு.

இதே யோசனை நம்ம கடலூர் துறைமுகத்துலயும் உண்டு. பேப்பர்ல படிச்சிருப்பீங்க, 'ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது'ன்னு. ஒண்ணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கு. பத்து வரைக்கும் புயலோட தூரம், பலம், எந்தப் பக்கம் கரை தாண்டும்ங்கிற கணக்கு. பதினொண்ணு என்ன தெரியுமா? புயல் எச்சரிக்கை மையத்தோட தகவல் தொடர்பு அறுந்து போச்சுன்னு அர்த்தம். எல்லாத்துக்கும் மேல இருக்கற எண், 'சேதி வரலை'ங்கறதுதான். நான் சின்ன வயசுல பதினொண்ணுன்னா உலகம் அழியப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் :-)

சரி, அமெரிக்காவுல அலாரம் வீட்டுக்கு வீடு வந்த பிறகு போலீசுக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. அலாரம் அடிச்சுதுன்னு போய்ப் பாத்தா நூத்துக்குத் தொண்ணூத்தி நாலுக்கு மேல பொய். வீட்டுக்காரர் பின் நம்பரை மறந்திருப்பார், இல்லை பூனை, இல்லை காத்துல ஆடற திரை. சால்ட் லேக் சிட்டி போலீஸ் 2000 டிசம்பர்ல ஒரு முடிவு எடுத்தாங்க. அலாரம் அடிச்சா மட்டும் வர மாட்டோம், ஒரு ஆள் நேர்ல பாத்து ஆமாம்னு சொல்லணும், அப்பத்தான் வருவோம். போலீசுக்கு வர்ற அலாரக் கூப்பாடு பத்துல ஒரு பங்கா குறைஞ்சு போச்சு. இயந்திரம் சொன்னா போதாது, ரெண்டாவதா ஒரு சாட்சி வேணும். இந்த 'ரெண்டாவது சாட்சி'யை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவார்.

ராத்திரி விசிலடிச்சுக்கிட்டு போற கூர்க்காவை இந்த இடத்துல நினைச்சுப் பாருங்க. அவர் விசில் அடிச்சா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். விசில் வரலைன்னாத்தான் யோசிக்கணும். ஒரு தெருவுக்கே 'எப்பவும் ஓடற கரண்ட்' அவர்தான்.

வீட்டுக்கு வந்தாச்சு. முதல்ல பெட்டியில இருந்த நிகழ்வுப் பட்டியலை எடுத்தேன். அஞ்சுல மூணு கொல்லைக் கதவு, ரெண்டு கூடத்து சென்சார். நேரத்தையும் குறிச்சுக்கிட்டேன். அதோட அப்பாவோட டைரியை ஒப்பிட்டுப் பாத்தேன். ரிடையர் ஆனாலும் தினம் டைரி எழுதுவார். 'இரவு 2.10. நல்ல மழை. கரண்ட் இல்லை. சங்கு.' அவ்வளவுதான் இருக்கும், ஆனா எந்த சாஃப்ட்வேர் லாகும் இவ்வளவு சுத்தமா இருக்காது. ரெண்டும் ஒத்து வரலை. அரைநாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில பாத்தா பெட்டியோட கடிகாரம் முப்பத்தேழு நிமிஷம் ஸ்லோ. மாட்டினவர் நேரமே வைக்கலை போல. தப்பு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பாருன்னு ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு நான்தான் கிளாஸ் எடுப்பேன். ஹூம்.

நேரத்தை சரி பண்ணினதும் தெளிவாச்சு. கொல்லைக் கதவு அலாரம் மூணும் மழை ராத்திரியில. கரண்ட் மேல சந்தேகப்பட்டேன், இன்வெர்ட்டர் மாறும்போது ஏதாவது ஆகுதோன்னு. மெயினை நாலஞ்சு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டேன், அம்மாவோட மிக்ஸிதான் நின்னுச்சு, சங்கு ஊதலை. அப்புறம் கதவைப் பாத்தேன். பழைய மரக் கதவு. மழையில ஊறி உப்பிப் போய், தாழ்ப்பாள் போட்டாலும் நிலையில சரியா உக்காரலை. காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி. காத்தடிச்சு கதவு ஒரு நூல் அசைஞ்சா போதும், தொடர்பு விட்டுப் போகும். தச்சரைக் கூப்பிட்டு விளிம்பை இழைச்சு, காந்தத்தைக் கிட்ட நகத்தி மாட்டினோம். ஒரு மணி நேர வேலை.

கூடத்து சென்சார் ரெண்டு தடவையும் மழையில்லாத ராத்திரி. அது கொஞ்சம் சுவாரசியமான ஜீவன். அதுவா எதையும் அனுப்பாது. நம்ம உடம்புலேர்ந்து சுமார் 10 மைக்ரான் அலைநீளத்துல வெப்பக் கதிர் கிளம்பிக்கிட்டே இருக்கு. உள்ள ரெண்டு சின்னப் படிகத் துண்டு எதிரும் புதிருமா இணைச்சிருக்கும். அறை முழுக்க ஒண்ணா சூடேறினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், சேதி வராது. சூடான ஒரு பொருள் குறுக்க நகர்ந்தா முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணுன்னு தூண்டப்படும், அலாரம். முன்னாடி இருக்கற வரி வரியான பிளாஸ்டிக் லென்ஸ் அறையை விசிறி மாதிரி பட்டை பட்டையா பிரிக்கும். குளிர் நாட்டுல பிரமாதமா வேலை செய்யும். நம்ம கத்திரி வெயில்ல சுவரே 37 டிகிரிக்குப் பக்கத்துல நின்னா, மனுஷன் எது சுவர் எதுன்னு அதுக்குக் குழப்பம். திருடனைக் கோட்டை விடறது கோடையில, பொய் சொல்றது மத்த மாசத்துல.

கழட்டிப் பாத்தேன். வயர் நுழையற ஓட்டையை அடைக்காம விட்டிருக்காங்க. பக்கத்துலயே ட்யூப்லைட், அதுக்கு வர்ற பூச்சி, பூச்சிக்கு வர்ற பல்லி. உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரெண்டு வெள்ளை முட்டை. அம்மா பல்லி லென்சுக்குப் பின்னாடியே குடித்தனம் நடத்தியிருக்கு. தூரத்துல போற பல்லிக்கு சென்சார் அசையாது. ஆனா கண்ணாடிக்குள்ளயே நடந்தா அதுக்கு அது டைனோசர்.

1983 செப்டம்பர் 26 ராத்திரி சோவியத் செயற்கைக்கோள் ஒண்ணு, அமெரிக்கா அஞ்சு ஏவுகணை விட்டிருக்குன்னு சொல்லுச்சு. பணியில இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் நம்பலை. சண்டை போடறவன் அஞ்சு மட்டும் விடுவானான்னு யோசிச்சார், தரையில இருந்த ராடாரும் ஒண்ணும் காட்டலை. மேகத்துல பட்டுத் தெறிச்ச சூரிய வெளிச்சம்தான் அதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. அங்க வெயில், இங்க பல்லி. அவ்வளவுதான் வித்தியாசம்.

முட்டையைத் தூக்கிப் போடப் போனேன், அம்மா விடலை. "பாவம்டா, அதுக்கென்ன தெரியும்" னு பஞ்சு வெச்ச தீப்பெட்டியில பத்திரமா எடுத்துப் பரண்ல வெச்சாங்க. ஓட்டையை சிலிகான் வெச்சு அடைச்சேன். உள்ள இருந்த ஜம்பரை ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மாத்தினேன். அதாவது ஒரு அசைவுக்கு அலறாதே, ரெண்டாவது அசைவு வந்தா அலறு. பாத்தீங்களா, ரெண்டாவது சாட்சி வந்துட்டார்.

இயந்திரம் சரியாச்சு. ஆனா தெரு? அதை எந்த ஜம்பரால மாத்தறது? அப்பா மூஞ்சி இன்னும் அப்படியேதான் இருந்துச்சு. "சரி பண்ணிட்டேன்னு நீ சொல்ற. ஊரு நம்பணுமே."

அப்பத்தான் பரங்கிப்பேட்டை அத்தை ஞாபகம் வந்துச்சு. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ரா பக்கத்துல 9.1 ரிக்டர்... இல்லை, ரிக்டர்னு சொல்லக் கூடாதுன்னு யாராவது பின்னூட்டத்துல குட்டுவீங்க, 9.1 அளவு நிலநடுக்கம். நம்ம கரைக்கு அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல ஒருத்தரும் ஒரு சங்கும் ஊதலை, ஏன்னா இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல செத்துப் போனாங்க. தேவனாம்பட்டினம், கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்துக் குப்பங்கள்னு ஒவ்வொரு பேரும் அப்ப டிவியில ஓடிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு.

நாலு நாள் கழிச்சு, டிசம்பர் 30. மத்திய உள்துறை அமைச்சகத்துலேர்ந்து கடலோர மாநிலங்களுக்கு ஒரு எச்சரிக்கை: மறுபடியும் பெரிய நிலநடுக்கம், சுனாமி வரலாம். அவ்வளவுதான். சென்னையிலேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் கரையோரம் முழுக்க ஓட்டம். பொணம் எடுத்துக்கிட்டிருந்தவங்க, நிவாரணம் குடுக்க வந்தவங்க, முகாம்ல இருந்தவங்க எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினாங்க. அரிசி மூட்டையோட கிள்ளைக்குப் போயிருந்த எங்க சித்தப்பா மூட்டையை அங்கேயே விட்டுட்டு லாரியில தொத்திக்கிட்டு வந்தார். கடல்லேர்ந்து இவ்வளவு தள்ளி இருக்கற குமராட்சியிலயே எங்க பாட்டி துணிமூட்டை கட்டி வாசல்ல வெச்சாங்கன்னா பாத்துக்குங்க.

அலை வரலை. அன்னிக்கே விஷயம் வெளியில வந்துச்சு. அமெரிக்காவுல ஒரு தனியார் கம்பெனி, நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லுவோம்னு அனுப்பின தகவலை வெச்சு விட்ட எச்சரிக்கையாம். நிலநடுக்கம் எப்ப வரும்னு முன்கூட்டி சொல்ல அன்னிக்கும் வழி கிடையாது, இன்னிக்கும் கிடையாது. அப்ப அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரா இருந்த கபில் சிபல் அதை வெறும் உளறல்ங்கற மாதிரி ஒதுக்கித் தள்ளினார். 26-ஆம் தேதி அடிக்க வேண்டிய சங்கு அடிக்கலை, 30-ஆம் தேதி அடிக்கக் கூடாத சங்கு அடிச்சுது. ஒரே வாரத்துல ரெண்டு தப்பும்.

அதுக்கப்புறம்தான் ஹைதராபாத்துல இன்காய்ஸ் நிறுவனத்துல சுனாமி முன்னெச்சரிக்கை மையம், 2007 அக்டோபர்ல. நிலநடுக்கமானி முதல் சேதியைச் சொல்லும். கடலுக்கடியில வெச்சிருக்கற அழுத்தமானியும் கரையோர அலைமானியும் ஆமாவா இல்லையான்னு சொல்லும். முதல் சாட்சி வேகமானவர், ஆனா பதறுவார். ரெண்டாவது சாட்சி மெதுவா வருவார், ஆனா நேர்ல பாத்தவர்.

2012 ஏப்ரல் 11 மதியம் 2.08-க்கு அதே சுமத்ரா பக்கம் 8.6. சில நிமிஷத்துலேயே மையத்துலேர்ந்து சேதி வந்துடுச்சு. அலை பெருசா வரலை. இந்தத் தடவை நிலத்தட்டு மேல கீழ தூக்காம பக்கவாட்டுல நழுவியிருந்துச்சு, அதனால தண்ணியைத் தள்ளலை. கடலடி அழுத்தமானியில பதிவானது சென்டிமீட்டர் கணக்குதான். சாயங்காலத்துக்குள்ள எச்சரிக்கையை விலக்கிட்டாங்க, ஏன் வரலைன்னும் சொன்னாங்க. இதைப் பொய்ச் சங்குன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. கதவு நெசமாவே திறந்துச்சு, திருடன்தான் வரலை.

அத்தை ரெண்டு தடவையும் ஓடினவங்க. 2012-ல பத்து நிமிஷத்துல பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. ராத்திரி சாப்பிடும்போது நான் கிண்டலா கேட்டேன், "அத்தை, மறுபடியும் சும்மாதான் ஓடி வந்தீங்களா?" அத்தை சிரிக்கலை. "அன்னிக்கு எவனோ சொன்னான்னு ஓடினேன், ஆத்திரமா வந்துச்சு. இன்னிக்கு பூமி ஆடுனது நெசம், டிவியில காரணம் சொன்னான். அடுத்த தடவையும் ஓடுவேன்டா."

நடுவுல 2011-ல இன்னொரு டிசம்பர் 30. அன்னிக்குக் காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை தாண்டுச்சு. முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது, கரண்ட் கம்பம் வரிசையா விழுந்துச்சு. எச்சரிக்கை முன்னாடியே சரியா வந்திருந்தது. அதே தேதி, பொய்யும் மெய்யும்.

அத்தை சொன்னதை அப்பாகிட்ட ஞாபகப்படுத்தினேன். "ஏன் அடிச்சுதுன்னு யாருக்காவது சொன்னீங்களா?" அப்பா கொஞ்ச நேரம் பேசலை. வெக்கமா இருந்துச்சாம், அதனால ஒவ்வொரு தடவையும் 'ஒண்ணுமில்லை, போங்க' ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாராம். அதே சாயங்காலம் சட்டையை மாட்டிக்கிட்டார். நானும் கூடப் போனேன். வீடு வீடா ஏறி, கதவு உப்பின கதை, பல்லி முட்டைக் கதை ரெண்டையும் வகுப்பு எடுக்கற மாதிரி சொன்னார். தீப்பெட்டியையும் கையோட கொண்டு வந்திருந்தார், சாட்சிக்கு! பசங்க சுத்தி நின்னு பாத்தாங்க. கடைசி வீட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

ஞாயித்துக்கிழமை காலை பதினோரு மணிக்கு சோதனை ஓட்டம்னு எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிட்டு சங்கை ஊத விட்டோம். அரை நிமிஷம். எதிர்வீட்டு பெரியப்பா வாசத்திண்ணையில உக்காந்து காதைப் பொத்திக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தார். நின்னதும் எழுந்து வந்தார்.

"வாத்தியாரே, அப்ப இனிமே அடிச்சா வரலாமா?"

"வாங்க. பல்லியா இருந்தா காபி, திருடனா இருந்தா தடி. ரெண்டும் தயாரா இருக்கும்."

போன வாரம் போன்ல கேட்டேன். தை பொறந்ததுலேர்ந்து ஒரு தடவை கூட அடிக்கலையாம். முட்டை பொரிச்சுதாம்மான்னு கேட்டதுக்கு, பரண்ல தீப்பெட்டி காலியா இருக்கு, எலி தின்னுச்சா குட்டி போச்சான்னு தெரியலைன்னாங்க.